பெல்ஜியம் துப்பாக்கி

ஜான் பாஷா துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து, குழலின் அடியில் படிந்திருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார். வாசலில் ஐஸ் பெட்டிக்குள் சென்னியப்பன் கிடந்தார். அழுகைச் சத்தம் உள்ளறை வரை வந்தது.

"முட்டை வடிவுல முத்திரை தெரியுது பாருங்க தம்பி. பெல்ஜியம். நூத்தம்பது வருசம் இருக்கும்."

"என்ன வெல போகுமுங்க பாய்?" என்றான் தமிழரசு.

அப்பாவை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. தனப்பிரியா தம்பியைப் பார்த்தாள். சேலத்தில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் பாய், கூட்டாளியின் சாவுக்கு வந்தவர். மாலை போட்டு நிமிர்வதற்குள் அவரை உள்ளே இழுத்து வந்துவிட்டான். நாளைக்குச் சித்தப்பா பங்கு கேட்பாராம்.

"லைசென்ஸ் பேரு மாத்தாம விக்க முடியாது. உள்ள துரு இல்லேன்னா நல்ல வெலதான்."

குழல் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் கம்பியை உருவி உள்ளே விட்டார். அது அடி வரை போகவில்லை. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றது. ஜான் பாஷா குழலை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"தள்ளி நில்லுங்க. உள்ள மருந்தும் குண்டும் கெட்டிச்சிருக்கு."

"பாட்டன் காலத்து மருந்தா இருக்குமுங்க," என்றான் தமிழரசு.

சுத்திக்கு அடியிலிருந்த, மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப்பை அவர் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். களிம்பு ஏறாமல் மின்னியது.

"எலக்சனுக்கு அப்பா போலீஸ் டேசன்ல ஒப்படைச்சிருந்தாருங்க. போன மாசந்தான் வாங்கிட்டு வந்தாரு," என்றாள் தனப்பிரியா.

"கெட்டிச்சத டேசன்ல வாங்க மாட்டாங்களேம்மா."

"காட்டுப் பன்னிக்கு வெச்சிருப்பாரு," என்றான் தமிழரசு.

இந்த வருசம் காட்டில் எதுவுமே விதைக்கவில்லை.

போன மாசம் நாமக்கல் டாக்டர், புற்று நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று சொன்ன அன்றுதான் அப்பா அவளை அனுப்பினார். "பொழுதோட ஊட்டுக்குப் போயிரு சாமி. புள்ளைங்க தேடும்." வேலைக்காரி ஆராயியையும் போகச் சொன்னார். நாயைக் கோழிப்பண்ணையில் கொண்டுபோய்க் கட்டினார். பஸ் வராமல் தனப்பிரியா திரும்பி வந்தபோது இந்த அறை தாழிட்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு, வெகுநேரம் கழித்துத் திறந்தார். முகமெல்லாம் வேர்வை.

"பஸ்ஸு வல்லீங்கப்பா. சாப்புட்டீங்களா?"

அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சோறு போடு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போகவில்லை. இன்று விடியற்காலை தூக்கத்திலேயே மூச்சு நின்றது. நல்ல சாவு என்றுதான் வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

ஜான் பாஷா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"சொம்புல தண்ணி கொண்டாம்மா. மருந்து நனைஞ்சா பயமில்ல."

"வெல கொறையாதுங்களா பாய்?"

தனப்பிரியா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குளிப்பாட்ட மகனைக் கூப்பிட்டார்கள். தமிழரசு தயங்கிவிட்டு வெளியே போனான்.

ஜான் பாஷா குழலை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, தனப்பிரியா தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கேப்பு இருந்த துளை வழியே அது கறுப்பாகக் கசிந்து சிமெண்டுத் தரையில் பரவியது. தெளிந்து வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.