சீமெண்ணெய்க் கொலு

...சாம்பிராணியாகத்தான் இருக்கும், வெள்ளிக்கிழமையாயிற்றே, வீட்டுக்காரி கோமதி ஒரு கை அதிகமாகவே போட்டிருப்பாள், அதோடு கலந்து வருகிற இன்னொன்று தெருவில் போகும் லாரியாக இருக்கலாம், கீழ் வீட்டு ஸ்டவ்வாக இருக்கலாம், இல்லை, கீழ் வீட்டு ஸ்டவ்வாக இருக்க முடியாது, கீழ் வீட்டுப் பார்வதியம்மாள் இதோ எதிரில்தான் பாயில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் வீட்டில் எண்ணெய் தீர்ந்து கரியடுப்புப் புகைவது கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம், காலையில்கூட ஒரு குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், எங்க வீட்லயும் காஞ்சு போய்த்தான் கெடக்கு மயினி என்று கோமதி சொன்னபோது அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை... அப்படியானால் இந்த வாடை? பிரம்மநாயகம் வாசலோரத்து மடக்கு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி மூக்கை மட்டும் முன்னால் அனுப்பி வைத்தார். மூக்கு பாயைத் தாண்டி, பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி, ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைத் தாண்டி, கொலுவின் அடிப்படியில் போய் நின்றது. அங்கே, படிக்குப் போர்த்தியிருந்த வெள்ளை வேட்டியில், செட்டியார் பொம்மையின் காலடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம்.

தண்ணீராக இருக்கட்டும். கோமதி பூச்சரத்துக்குத் தெளித்த தண்ணீர். இல்லை, பூ மேல்படியில் அல்லவா இருக்கிறது, தண்ணீர் என்றால் மேலிருந்துதானே வரவேண்டும், இது உள்ளேயிருந்து வருகிறது... கொலுவுக்குப் படி கிடைக்காததில்தான் எல்லாம் தொடங்கியது, இல்லை, எல்லையில் மூண்ட சண்டையில் தொடங்கியது, இல்லை, அதற்கும் முன்னால், அரிசியை ரேஷனில் அளந்து போட ஆரம்பித்த நாளிலேயே அவருக்குள் ஒரு மூட்டை கட்டப்பட்டுவிட்டது. பரேல் பக்கத்து மில் ஒன்றில் ஸ்டோர்கீப்பர், தீர்ந்துபோகும் முன் வாங்கி வைப்பதுதான் உத்தியோகம், அதே வேலையை வீட்டுக்கும் பார்த்தார், அவ்வளவுதான், இதில் குற்றம் என்ன? போன மாதம் சைரன் ஊத ஆரம்பித்ததும் மாட்டுங்காவே பதறிப்போய், விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க, ஜன்னலுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டியது, அவரும் ஒட்டினார், ஆனால் பதறவில்லை, முலுண்டில் ஒரு கடை, கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடை, தாராவியில் தெரிந்த ஆள் மூலமாக இன்னொரு கடை என்று எவனுக்கும் சந்தேகம் வராதபடி பிரித்துப் பிரித்து வாங்கினார், அரிசி டிரங்குப் பெட்டிகளில் நிறைந்தது, சர்க்கரை தலையணை உறைக்குள் படுத்துக்கொண்டது, சீமெண்ணெய் டின் டின்னாக வந்து இறங்கியது. தீப்பெட்டியில்தான் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். ஒரே இடத்தில் வைத்தால் இருட்டில் யார் தேடுவது? ஆகையால் ஜன்னல் விளிம்பில் ஒன்று, நிலைச் சட்டத்தின் மேல் ஒன்று, சுவாமி படத்துக்குப் பின்னால், காலண்டர் ஆணியில் ஒரு பையில், பாய் போடும் மூலையில்... எங்கே உட்கார்ந்து கையை நீட்டினாலும் ஒரு தீப்பெட்டி தட்டுப்படும். தீப்பெட்டி பதுக்கலில் சேராது என்பதால் வருகிறவர்களிடமெல்லாம் அதை மட்டும் பெருமையாகக் காட்டுவார், கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்து, அண்ணாச்சிக்கு என்ன முன்யோசனை என்று வியந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

படி கட்டுற பெட்டியெல்லாம் அரிசியா இருக்கு, கொலுப் படிக்கு எங்கன போறதுங்க, என்று கோமதி கேட்ட அன்று அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அரிசிப் பெட்டியை முன்னறைக்கு இழுத்தால் வழியெல்லாம் சிந்தும், எறும்பு வரிசை கட்டி வந்து காட்டிக்கொடுக்கும். டின் அப்படியா? டின்னும் சதுரம், படியும் சதுரம், மேலே பலகை, பலகைக்கு மேல் வேட்டி, வேட்டிக்கு மேல் சாட்சாத் மீனாட்சி. ஒளித்து வைத்தால்தானே தேடுவார்கள், நடுவீட்டில் வைத்து விளக்கேற்றினால்? முதல் நாளிலிருந்து கட்டடத்துப் பெண்களெல்லாம் குளித்து முழுகி, பட்டுடுத்தி, வரிசையாக வந்து சீமெண்ணெய்க்கு நமஸ்காரம் செய்துவிட்டுப் போகிறார்கள், அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்வதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஊரில் எது கிடைக்கவில்லையோ அதைத்தானே கும்பிடவேண்டும், இதில் தவறு ஒன்றும் இல்லை என்று அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கூட இருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. ஈரம் செட்டியாரின் காலடியை விட்டு, செட்டிச்சியின் காலடிக்கு வந்திருக்கிறது.

அடிப்படிக்கு உயரம் சரியாக வரவில்லை என்று அந்த ஒரு டின்னை மட்டும் படுக்கவைத்தது யார்? அவர்தான். மூடி லேசாக இருந்தது, துணியை அடைத்து இறுக்கினார், போதும் என்று நினைத்தார்... மில்லில் எவனாவது கூலிக்காரன் எண்ணெய் டின்னைப் படுக்கவைத்தால் அவர் போடும் சத்தம் கேட்டு நூல் அறுந்துவிடும் என்று சொல்வார்கள். பஞ்சு இருக்கும் பக்கம் எண்ணெய் வராதே, எண்ணெய் இருக்கும் பக்கம் நெருப்பு வராதே, இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, கப்பல் சொன்னது. பம்பாய்க்கு வந்து இறங்கிய புதிது, நாற்பத்து நாலு, சித்திரை வெயில், துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தது, அவர் மசூதி பந்தர் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் நின்றிருந்தார், தரை அவரைத் தூக்கி மறுபடி வைத்தது, அப்புறம் வானத்திலிருந்து எரிகிற பஞ்சு இறங்கியது, மெதுவாக, அவசரமே இல்லாமல், பண்டிகைக்குத் தூவுவது மாதிரி... அந்தக் கப்பலில் பஞ்சு இருந்ததாம், வெடிமருந்து இருந்ததாம், எண்ணெய் இருந்ததாம், தங்கக் கட்டிகூட இருந்ததாம், ஒரு கட்டி யாரோ ஒரு பார்சி வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்ததாகச் சொன்னார்கள். எந்த முட்டாள் இதையெல்லாம் ஒன்றாக ஏற்றினான் என்று அன்றைக்கு ஊரே கேட்டது, அவரும் கேட்டார். இருபது வருஷம் கழித்துப் பதில் கிடைத்திருக்கிறது. வேட்டி பஞ்சு. டின் எண்ணெய். விளக்கு... தங்கம்? கோமதியின் வளையல்கள் இரண்டாம்படி டின்னுக்குப் பின்னால் ஒரு கடுகு டப்பாவில் இருக்கின்றன.

விளக்குக்கும் வேட்டி விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம் இருக்குமா? இருந்தது, சாயங்காலம் இருந்தது, பாட்டு நன்றாகத் தெரியட்டும் என்று யாரோ பாயை முன்னால் தள்ளி, விளக்கையும் முன்னால் தள்ளி... அந்த இடைவெளியை ஒட்டிப் பார்வதியம்மாளின் கடைக்குட்டி, ஆண்டாள் கொண்டை போட்டு, புது நைலான் பாவாடையைத் தாமரை மாதிரி விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தரையில் கோடு மாதிரி ஒன்று மினுங்கியது. கோடுதானா? கோலமா? கோலம் நகராது. பார்வதியம்மாளின் மூத்தவள் செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், அடுத்த சரணத்துக்குப் போனாள், இந்தப் பாட்டுக்கு முடிவே கிடையாதா? எழுந்து போய் விளக்கை ஊதிவிட்டால் என்ன? வெள்ளிக்கிழமை, கொலு விளக்கு, பாட்டு நடுவில், ஓர் ஆம்பிளை எழுந்து வந்து ஊதினான் என்றால் அடுத்த நவராத்திரி வரை இதையே பேசுவார்கள், ஏன் ஊதினான் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் வேட்டியைத் தூக்குவார்கள். தூக்கினால்? பதுக்கல்காரர்களை உள்ளே போடுகிறார்கள் என்று பேப்பரில் தினமும் வருகிறது, படித்துவிட்டு, போடத்தான் வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார், மில்லில், எல்லார் முன்னிலும். அதுகூடப் போகட்டும். காலையில் குப்பியோடு நின்றாளே பார்வதியம்மாள், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், சும்மா பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு எந்தக் காகிதத்தை ஒட்டி மறைப்பது?

மணல் வாளி இருக்கிறது. இருக்கிறதே. தீப்பிடித்தால் கொட்டுவதற்கென்று சர்க்கார் சொன்னபடி மஹிம் கடற்கரையிலிருந்து சுமந்து வந்து... எங்கே அது? கொலுவுக்குப் பக்கத்தில் அழகாக ஒரு பூங்கா இருந்தது, வெந்தயம் முளைத்துப் பச்சை விட்டிருந்தது, நடுவில் கண்ணாடிக் குளம், குளத்தில் வாத்து. மணல் அதற்கடியில் இருந்தது. டார்ச் விளக்கு? காகிதக் கோபுரத்துக்குள் எரிந்துகொண்டிருந்தது. முதலுதவிப் பஞ்சு? கைலாச மலையின் பனி. ஆபத்துக்கென்று அவர் சேர்த்த அத்தனையும் பொம்மைகளுக்குப் போயிருந்தது. கோமதியைக் கண்ணால் கூப்பிட்டார், அவள் பார்க்கவில்லை, இருமினார், பார்த்தாள், புருவத்தை உயர்த்தி, விரலால் விளக்கைக் காட்டி, கையைக் குவித்து அணைப்பதுபோல் செய்தார். அவள் புரிந்துகொண்டாள், எழுந்து உள்ளே போனாள், அப்பாடா, திரும்பி வந்தாள், கையில் ஒரு தொன்னை.

"கொஞ்சம் பொறுக்கக் கூடாதா, வந்தவுகளுக்கே இன்னும் குடுக்கல," என்று காதோரம் கிசுகிசுத்துச் சுண்டலை மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

கடலை சூடாக இருந்தது. பாட்டு ஒருவழியாக நின்ற அந்த இடைவெளியில் பார்வதியம்மாள் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். "காஸ்லெட் வாடை அடிக்கில்லா?" என்றாள், பம்பாய் வந்தபின் அவள் சீமெண்ணெயை அப்படித்தான் சொல்வாள். ஸ்டவ்வு மயினி, சுண்டலுக்குப் பத்தவச்சது, என்றாள் கோமதி. "அப்படியா. காலைல காஞ்சு கெடந்துது, சாயங்காலம் அம்பாள் அருள் சுரந்துட்டு போல." யாரோ சிரித்தார்கள். "அந்தச் செட்டியார் கடைலயாவது எனக்கு ஒரு குப்பி வாங்கித் தாங்களேன், அவரு பக்கத்துலதான் வாடை தூக்குது." இப்போது எல்லோரும் சிரித்தார்கள், கோமதியும் சிரித்தாள், அவள் பார்வை மட்டும் ஒரு நொடி அவர் பக்கம் வந்து போனது, டின் ஒழுகுவது அவளுக்குத் தெரியாது, கேலி மட்டும்தான் தெரியும், கேலியைத் தாங்கிவிடலாம் என்று அவள் முகம் சொன்னது. கடைக்குட்டி செட்டியாரைத் தொடப் பாவாடையோடு நகர்ந்தது.

மிக்கேல்ராஜ். ஏன் இதற்கு முன்னால் நினைவு வரவில்லை? மேல் வீட்டு மிக்கேல்ராஜ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, சண்டைக் காலத்து ஊர்க்காவல் தொண்டனாகச் சேர்ந்து கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு இருட்டினால் படிக்கட்டில் ஊதிக்கொண்டே இறங்குவான், லைட் பந்த் கரோ, லைட் பந்த் கரோ, அவன் விசில் கேட்டால் கட்டடமே மறுபேச்சில்லாமல் அணையும், குத்துவிளக்காவது மண்ணாவது. சண்டை நிறுத்தம் வந்த பிறகும் இரண்டு நாள் ஊதினான், எல்லோரும் சிரித்தார்கள், முதலில் சிரித்தது அவர்தான். இன்றைக்கு மட்டும் ஊது ராஜா. "மிக்கேல்ராஜ் இன்னைக்கு இறங்கலியா?" என்று கேட்டார். பாயின் ஓரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி இருதயமேரி திரும்பினாள். "விசில அந்த ஆபீஸ்ல திருப்பிக் கேட்டுட்டாக அண்ணாச்சி. குடுத்துட்டு வந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டுப் படுத்திருக்காக. இனிமே எங்க சண்டை வரப்போவுது."

வராதா? ஒரு விமானம்கூட வராதா? ஒரே ஒன்று, குண்டு போடவேண்டாம், சும்மா இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனால் போதும்... வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரம்மநாயகம் எதிரியை மனதார அழைத்தார். மடியிலிருந்த தொன்னை சரிந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பழுப்புக் காகிதத்தின் கிழிசலில் கண்ணை வைத்தார், மழை விட்ட வானம், ஸ்டேஷன் பக்கம் ஒரு லோக்கல் ரயில் நிறைந்த வெளிச்சத்தோடு போய்க்கொண்டிருந்தது, ஊர் சந்தோஷமாக இருந்தது. திரும்பினார். "சைரன்," என்றார். எல்லோரும் பார்த்தார்கள். "கேக்கலியா? தாதர் பக்கத்துலேருந்து வருது. லைட் பந்த்."

பாயில் ஒவ்வொரு தலையாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பிறகு, "ஆமா, எனக்கும் கேக்கு," என்றாள் இருதயமேரி. "எனக்கும்," என்றாள் செண்பகவல்லி. பார்வதியம்மாள்கூடக் காதைத் தீட்டி, ஆமாம் என்பதுபோல் தலையாட்டிக் கடைக்குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். யாரோ அறை விளக்கின் ஸ்விட்சைத் தட்டினார்கள், யாரோ டார்ச்சை அமுக்கினார்கள், கோபுரம் அணைந்தது, கோமதி குனிந்து, ஊதாமல், ஒரு பூவால் ஒவ்வொரு திரியாக விளக்கைக் குளிர வைத்தாள், ஒன்று, இன்னொன்று, கடைசித் திரியும் அடங்கியபோது அவர் முதுகு முழுக்க வியர்த்திருந்தது. இருட்டு. எவ்வளவு நல்ல இருட்டு. எல்லோரும் மூச்சை அடக்கி வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் தரையைக் கேட்டார், டப், என்று எங்கோ ஒரு சொட்டு, அப்புறம் நெடுநேரம் கழித்து இன்னொரு டப்... இப்போது என்ன செய்யவேண்டும்? எல்லோரையும் கீழே அனுப்பவேண்டும், கீழே போங்கள் என்று சொல்லவேண்டும், இதோ சொல்லப்போகிறார். வாடை இருட்டில் இரண்டு மடங்காக நின்றது. இருட்டில் யாருக்கும் கண் இல்லை, எல்லோருக்கும் மூக்கு இருந்தது.

"ஒண்ணையும் காணோம்," என்று பார்வதியம்மாளின் குரல் மெதுவாக வந்தது. "சைரன்காரன் சும்மா பழக்கத்துக்கு ஊதியிருப்பான். வெள்ளிக்கெழமையும் அதுவுமா அம்பாளுக்கு முன்னால வெளக்கு அணைஞ்சு கெடக்கலாமா, ஏத்துங்க மயினி."

"இருங்க, தீப்பெட்டி..." என்றாள் கோமதி.

"இங்கன ஒண்ணு இருக்கு," என்றது ஜன்னல் பக்கத்துக் குரல். "சாமி படத்துக்குப் பின்னால இருக்கும்லா, அண்ணாச்சி காமிச்சாகளே," என்றது இன்னொன்று. பாயின் மூலையில் குச்சிகள் குலுங்கின. காலண்டர் ஆணியிலிருந்து ஒரு பை இறங்கியது. பிரம்மநாயகம் வாயைத் திறந்தார், சொல்லவேண்டியது இரண்டே வார்த்தை, எண்ணெய் ஒழுகுது, அது நாக்கின் நுனிவரை வந்து, அங்கே குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்த யாரையோ பார்த்துத் தயங்கியது, அதற்குள் இந்தப் பக்கம் ஒரு குலுக்கல், அந்தப் பக்கம் ஒரு குலுக்கல், முதுகுக்குப் பின்னால் நிலைச் சட்டத்தில்கூட ஒரு கை எட்டித் தடவுகிற சத்தம்... வீடு எவ்வளவு தயாராக இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.