காரணம் கேட்கப்படாத வாய்தா

அக்கா கடைசியாகத் தங்கையிடம் கேட்டது ஸ்டேப்ளரை. பக்கத்து மேஜையிலிருந்து கை நீட்டி வாங்கி இரண்டு முறை அழுத்தினாள். "இதுல பின் போட்டு வைக்கணும்னு எத்தனை தடவைடி சொல்றது" என்று கடிந்துகொண்டு, கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட் மாடிப்படியில் சரிந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. மூன்று வாரமாக நெஞ்சு வலித்திருக்கிறது. கேட்டவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்ல, இந்த விசாரணை முடியட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

இருவரும் ஒரே அலுவலகத்தில் வக்கீல்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர். அந்த வருடம்தான் தனித்தனி அறைகளின் சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கியிருந்தார்கள். மனுக்களின் முதல் வரைவைக் கம்ப்யூட்டரே எழுதித் தந்தது. அதில் மிச்சமான நேரத்துக்கும் சேர்த்து வழக்குகள் வந்து குவிந்தன. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணயர, கதவே இல்லை.

அக்கா போன பிறகு தங்கை மல்லுக்கட்டி ஓர் உளவியலாளரை வரவழைத்தாள். அலுவலகங்களில் மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எதனால் நொடிந்து போகிறார்கள் என்று ஆராய்வது அந்தப் பெண்ணின் தொழில். அவள் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்தாள். வக்கீல்கள் அதைக் குறுக்கு விசாரணை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நன்றாகத் தூங்குகிறீர்களா என்ற கேள்விக்கு, 'நன்றாக' என்பதற்கு விளக்கம் தேவை என்றார் ஒருவர். வேலைப்பளு அதிகமா என்பதற்கு, மறுக்கப்படுகிறது, நிரூபிக்கும் பொறுப்பு கேட்டவரையே சாரும் என்று இன்னொருவர்.

உளவியலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, கோர்ட்டில் அடிக்கடி என்ன கேட்பீர்கள் என்றாள். வாய்தா என்றாள் தங்கை. கட்சிக்காரருக்கு, சாட்சிக்கு, சமயத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக்கூட.

"உங்களுக்கு?"

தங்கை ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்தாள். அரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து விதியை எழுதி முடித்தார்கள். யாராக இருந்தாலும் 'எனக்கு ஒரு நாள் வாய்தா வேண்டும்' என்று ஒற்றை வரி மனுப் போடலாம். காரணம் கேட்கக் கூடாது. அன்றைய வேலையை வேறொருவர் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும்.

அலுவலகத்தை நடத்தும் சீனியருக்கு அங்கே 'ஆட்சேபணை' என்றுதான் பெயர். காப்பியில் சர்க்கரை போட்டால்கூட ஆட்சேபிக்க எழுந்து நிற்பார். அவர் ஒரு மாதம் கெடு கொடுத்தார். ஒரு மனுவாவது வராவிட்டால் விதியைக் கிழித்துப் போடுவதாகச் சொன்னார்.

இருபத்தொன்பது நாள் ஒரு மனுவும் வரவில்லை. முதலில் யார் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாள் மதியம் தங்கை மேஜை மேஜையாகப் போய்க் கெஞ்சினாள். குமாஸ்தா பின்னாலேயே வந்தார்.

"நீங்க ஏன் போடல, சின்ன மேடம்?"

"எனக்கென்ன? ஒண்ணுமில்ல."

"பெரிய மேடமும் இதையேதாம்மா சொன்னாங்க."

அக்கா போய் ஐந்து மாதம். அதன் பிறகு ஒரு நாள்கூடத் தங்கை வீட்டில் உட்கார்ந்ததில்லை. காகிதத்தை எடுத்து எழுதினாள். கூடத்தில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொரு மேஜையாக நின்றுபோனது.

சீனியர் மனுவை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். போச்சு என்று நினைத்தாள். அவர் தேதியைத் திருத்தினார். அவள் போன மாதத்தைப் போட்டிருந்தாள்.

"உன் பத்தரை மணி கேஸுக்கு நான் போறேன்" என்று கையெழுத்திட்டார். பிறகு தொண்டையைச் செருமி, "ஆட்சேபணை இல்லை" என்றார்.

ஒரு கணம் யாராலும் காதை நம்ப முடியவில்லை. அப்புறம் கூடமே இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். குமாஸ்தா நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். மாலைக்குள் இன்னும் நான்கு மனுக்கள். அவற்றில் ஒன்று சீனியருடையது. அதற்குக் கையெழுத்துப் போட ஏழு பேர் முண்டியடித்தார்கள். தங்கை உளவியலாளருக்குப் போன் செய்தாள். சிரிப்பும் அழுகையும்தான் மாறி மாறி வந்தன.

மறுநாள் அவள் வீட்டில் இருந்தாள். கோர்ட் வழக்கம்போலப் பத்தரைக்குக் கூடியது.