ஃபேன் ரெகுலேட்டரில் ஒரு விளக்கு

ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜொவிட்டா அடாப்டரைத் தொட்டாள். "ஐயோ!" என்று கையை உதறினாள். அப்படிச் சுட்டது.

"யாரு?" என்றாள் கட்டிலில் கிடந்த அவள் அம்மா டோரதி. "இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் அப்பா ராஜநாயகம், கட்டிலை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து.

காலையிலிருந்து இதே கேள்வி, இதே பதில். டியூப்லைட்டைப் போட்டாலும் சரி, ஜன்னல் திரையை விலக்கினாலும் சரி, டோரதிக்குக் கண் கூசித் தண்ணீர் கொட்டியது. இருட்டாக்கினாலோ புருஷன் முகம் தெரியாமல் தவித்தாள். "இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்" என்று நர்ஸ் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குள் அம்மா அப்பாவின் முகத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும். ஜொவிட்டாவுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குத்தான் சுவரோரம் இந்த எல்இடி ஸ்ட்ரிப். வாங்கி ஒட்டியது அவள். கனெக்‌ஷன் கொடுத்தது அப்பா. மங்கலாக வைத்தால் படபடவென்று துடித்தது. கூட்டினால் ஒரு நொடி எரிந்து பட்டென்று அணைந்தது.

"என்ன டாடி பண்ணி வச்சிருக்கீங்க?"

"பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு இருந்துச்சு. ஃபேனே மெதுவாச் சுத்துது, லைட்டு மெதுவா எரியாதா?"

"எரியாது டாடி! அடாப்டருக்கு முழு கரண்ட் வேணும். பாதி குடுத்தா நின்னு நின்னுதான் ஓடும். குறைக்கிறதை அதுக்கு அப்புறம் குறைக்கணும். சரி, இந்த அடாப்டர் ஏது?"

"பழைய மோடத்தோடது. சும்மாதானே கெடந்துச்சு."

எதையும் தூக்கிப்போடாத மனுஷன். இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சாமான்களில் பாதி ஏற்கெனவே ஒரு தடவை செத்துப் பிழைத்தவை. அவரை என்னவென்று திட்டுவது?

புது அடாப்டர் வாங்க சாந்தோமிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? செருப்பில் கால் நுழைத்தபடி அப்படியே நின்றாள்.

"போய்ட்டு வாம்மா," என்றார் அப்பா. "நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கடைக்காரர் ஃபராஸ் தலையில் அடித்துக்கொண்டார். "அஞ்சு மீட்டருக்கு மோடம் அடாப்டர் போட்டுக்கினு கீறியேக்கா! அது ஆறு ஆம்ப்ஸ் இழுக்கும். பத்து ஆம்ப்ஸ் சப்ளை எடுத்துக்கோ, சூடாவாது. டிம்மர நடுவுல மாட்டு. இன்னாக்கா, வூட்ல ஃபங்ஷனா?"

"ஆமா," என்றாள் ஜொவிட்டா. விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

திரும்பி வந்து படியேறும்போதே காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே மெலிதாக, "இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

அப்பாடா!

ரெகுலேட்டரைக் கழற்றி எறிந்தாள். புது சப்ளைக்கு நேர் கரண்ட் கொடுத்தாள். அதற்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் டிம்மரை மாட்டிக் குமிழை மெல்லத் திருப்பினாள். சுவரோரம் மஞ்சளாக வெளிச்சம் கசிந்தது. துடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அப்போதும் துடிக்கவில்லை.

டோரதி கண்ணைத் திறந்தாள். மூடவில்லை. தலையைத் திருப்பி ராஜநாயகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"என்ன இது, ஷேவ் கூடப் பண்ணாம?"

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதோ பண்ணிட்டு வந்துடுறேன்" என்று எழுந்தவரின் சட்டைக் கையை டோரதி பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம். உக்காருங்க."

அதற்கப்புறம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்தான் பேசினார்: பேப்பரில் வந்த செய்தி, தண்ணி லாரிக்காரனோடு போட்ட சண்டை, ரெகுலேட்டர் விஷயத்தில் தன் பக்கத்து நியாயம். டோரதி உதட்டோரம் சிரித்தாள். ஜொவிட்டாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. சாயங்காலம் கோயில் மணி அடித்தபோது அம்மாவின் பார்வை அவர் முகத்திலேயே இருந்தது, மூச்சுதான் நின்றிருந்தது. அவரே அவள் கண்களைக் கையால் மூடிவிட்டார்.

சற்று நேரத்தில் பங்குக் கோயிலிலிருந்து ஃபாதர் வந்தார். ஜெபப் புத்தகத்தைத் திறந்தவர், எழுத்து சரியாகத் தெரியாமல் டியூப்லைட் ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினார்.

"வேணாம் ஃபாதர்," என்றார் ராஜநாயகம் அவசரமாக. "அவளுக்குக் கண்ணு கூசும்."

ஃபாதர் கையை இறக்கினார். புத்தகத்தோடு சுவரோரம் நகர்ந்து, ஸ்ட்ரிப்புக்கு நேர் கீழே நின்று வாசிக்கத் தொடங்கினார்.