பஞ்சுக்கூடத்துக் கணினி

மேலாளரின் காதுபட யாரும் இருமுவதில்லை. அந்த நூற்பாலையின் பஞ்சுக்கூடத்தில் இவ்விதி எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. புதிதாகச் சேர்பவருக்கு எவரும் சொல்லிக்கொடுத்ததுமில்லை. இயந்திரங்கள் இரையும்போது இருமிக்கொள்ள வேண்டும். அவர் பக்கத்தில் வந்தால் துணியை வாயில் அழுத்திக்கொண்டு பொதிகளுக்குப் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். அவர் காதில் இருமல் விழுந்தால், இருமியவரை மறுவாரம் வாயிற்காவலர் உள்ளே விடுவதில்லை. பொதி பிரிக்கும் இரு பெண்களில் மூத்தவளின் கணவன் அப்படித்தான் வேலையை இழந்து வீட்டில் படுத்திருந்தான். இளையவள் அவனுடைய தங்கை. இருவர் சம்பளமும் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும்.

அன்று காலையிலிருந்து பழுதுபார்ப்பவன் கூடத்தின் மூலையில் முழந்தாளிட்டிருந்தான். பொதிகளின் எடையைப் பதியும் கணினி, ஒரு வாரமாகத் திடீரென்று அணைவதும் தானே மீண்டும் உயிர்பெறுவதுமாக இருந்தது. கணக்கர் தட்டியதெல்லாம் ஒவ்வொரு முறையும் அழிந்தது.

"கொடுத்து வெச்சது, நினைச்ச நேரம் படுத்து எந்திரிக்குது. நாம ஒண்ணுக்குப் போறதுக்கே கேட்டுட்டுப் போகணும்," என்றாள் இளையவள்.

"வாயை மூடுடி. சிரிச்சா எனக்கு இருமல் வரும்," என்றாள் மூத்தவள்.

பழுதுபார்ப்பவன் மின்கம்பியை மாற்றினான். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரே சுவரில் செருகினான். திரை ஒளிர்ந்தது, கணக்கர் நான்கு வரி தட்டுவதற்குள் கறுத்தது.

"மெஷின் ஓடுறதால கரன்ட் ஏறி இறங்குதோ என்னவோ. கொஞ்ச நேரம் எல்லாத்தையும் நிறுத்துங்க சார், பாத்துடலாம்."

பக்கத்தில் வந்து நின்ற மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "சீக்கிரம் பாருப்பா. நிறுத்துற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்."

இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. மேலாளரின் செருப்பு தரையில் உரசுவதுகூடக் கேட்டது. கூடத்திலிருந்த அத்தனை பேரும் உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். மூத்தவளின் கழுத்து நரம்புகள் புடைத்தன. இளையவள் தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க அண்ணி," என்று காதருகே கிசுகிசுத்தாள். "இதோ மெஷினைப் போட்டுடுவாங்க. அண்ணனை நினைச்சுக்கோங்க."

கணினி மறுபடியும் அணைந்தது.

"கரன்ட் கோளாறு இல்ல சார்." பெட்டியின் பக்கவாட்டைத் தொட்ட பழுதுபார்ப்பவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே எந்தப் பாகமும் தெரியவில்லை. விசிறியின் இதழ்களைச் சுற்றியும் கம்பிகளுக்கிடையிலும் பஞ்சு கெட்டியாக அடைந்து, சாம்பல் நிறத்தில் மெத்தைபோல் கிடந்தது.

"இதான் சார். காத்து போக வழியே இல்ல. சூடு தாங்காம அணைஞ்சுடுது. கொஞ்சம் ஆறினதும் எந்திரிக்குது."

"வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலையேப்பா!"

"இந்தத் தூசியில எது சார் தாங்கும்?"

அவன் தூரிகையால் கிளறி, வாயால் ஊதினான். கிளம்பிய பஞ்சு பொதிகளின் பக்கம் மிதந்து வந்து இளையவளின் புறங்கையிலும் மூத்தவளின் இமைகளிலும் படிந்தது. மூத்தவளின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"சுத்தம் பண்ணிட்டேன் சார். ஆனா இங்கயே வெச்சா திரும்ப அடைச்சுக்கும்."

மேலாளர் கண்ணாலேயே மூலையை அளந்தார். "இந்த இடத்துல கண்ணாடி ரூம் ஒண்ணு போட்டுடுவோம். தூசி போகாத மாதிரி கதவு, ஒரு ஏசி. நாளைக்கே ஆளை வரச் சொல்லுங்க," என்றார் கணக்கரிடம். "காசு கொடுத்து வாங்கினது, வீணாப் போக விட முடியுமா?"

மூத்தவள் தன் வாயிலிருந்து நாத்தனாரின் கையை விலக்கினாள்.

"அண்ணி, வேணாம்... அண்ணி!"

அவள் பொதிகளைத் தாண்டி, நின்றுபோயிருந்த இயந்திரங்களுக்கு நடுவே நடந்து, மேலாளரின் எதிரே போய் நின்றாள்.

"என்னம்மா?"

துணியால் மறைக்காமல், முகத்தைத் திருப்பாமல், அவரைப் பார்த்தபடியே அவள் இருமினாள். கூடம் முழுவதும் கேட்டது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து, மறுபடியும் இருமினாள். மேலாளர் ஓரடி பின்வாங்கினார். பிறகு சட்டென்று முன்னால் வந்து, தரையில் கிடந்த மூடியை எடுத்து, திறந்திருந்த கணினிப் பெட்டியை மூடினார்.