பூட்டுக்காரரும் குக்கர் மூடியும்

ஊரில் அவர் திறக்காத பூட்டு இல்லை. இரும்புப் பெட்டகம்கூட அவரைக் கண்டால் தானாக வாயைப் பிளக்கும் என்று ஒரு பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். அப்பேர்ப்பட்ட பூட்டுக்காரர் இன்று சமையலறையில் ஒரு குக்கரைக் கட்டிப்பிடித்து முக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே எலும்பைக் குடையும் குளிர். உள்ளே மனைவிக்குக் காய்ச்சல். தொண்டையும் கட்டிப்போய், நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

“இன்னிக்கு நீ கட்டிலை விட்டு இறங்கினா நான் பேரையே மாத்தி வச்சுக்கறேன்” என்று காலையில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சபதம் போட்டிருந்தார்.

பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, ஒரு படையையே தும்ம வைக்கும் அளவுக்கு மிளகு. எல்லாவற்றையும் கொட்டி சூப் வைத்தார். விசில் வந்தது. அதுவரை ராஜாதான். ஆவி அடங்கப் பொறுமையில்லாமல் குக்கரைக் குழாயடியில் காட்டினார். மூடி கப்பென்று உள்வாங்கிக்கொண்டது.

ஸ்க்ரூடிரைவர் வந்தது. சுத்தியல் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தையல்கார மச்சினனும் வந்தான்.

“சாவி துவாரம் எங்க இருக்குன்னு பாத்தீங்களா அத்தான்?”

“வாயை மூடிட்டுப் பிடிடா!”

இருவரும் இழுத்த இழுப்பில் ரயிலே தடம் புரண்டிருக்கும். மச்சினன்தான் கழன்று போய்ச் சுவரில் மோதினான்.

“பேசாம கடையில வாங்கிடலாம்.”

“குளிருக்குப் பயந்து எல்லாவனும் பூட்டிட்டுப் போயிட்டான்டா.”

“பூட்டினா என்ன? நீங்கதான் திறப்பீங்களே!”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“எந்திரிக்காதே! இதோ ஆயிடுச்சு!” என்று அலறினார்.

போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அவள் வந்துவிட்டாள். சிதறிக் கிடந்த கருவிகளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். திட்டத் தொண்டை இல்லை. மூடிமேல் இருந்த வெயிட்டை இரண்டு விரலால் தூக்கினாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடி சமத்தாக அவள் கையோடு வந்தது.

“நீ போய்ப் படும்மா, கிண்ணத்துல கொண்டு வர்றேன்” என்று கெஞ்சினார். அவள் நகரவில்லை. அங்கேயே நின்று கரண்டியால் மொண்டு, ஊதி ஊதிக் குடித்தாள்.

“புதுப் பேரு என்ன அத்தான்?” என்றான் மச்சினன்.

பூட்டுக்காரர் தரையில் இழுபட்ட போர்வை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றார். இரண்டு கரண்டி உள்ளே போனதும் அவளுக்குக் கீச்சுக் குரல் திரும்பியது.

“உப்பே போடலையா?”

ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்தார். மூடியைத் திருகினார். வரவில்லை. மச்சினன் பக்கம் திரும்பாமல், மெதுவாக அதை அவளிடமே நீட்டினார்.