மயில்சாமி சொல்லச் சொல்ல

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மூன்றாவது முறையாகப் போன் செய்துவிட்டார். "போட்டோ இன்னும் வரலீங்க. இப்பக் குடுத்தாத்தான் எடுக்கறதுக்குள்ள பேனர் கட்ட முடியும்."

தமிழ்மதி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் படத்தைத் தேடினாள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மயில்சாமி கிடந்தார். லேப்டாப் முழுக்கக் கைக்குழந்தை ஜபலா படங்கள்தான். மஞ்சள், பச்சை, யானைக்குட்டி போட்டது. ஒரு படத்தில் துணியை விரித்துப் பிடித்திருந்த அவருடைய இரண்டு கைகள் மட்டும் இருந்தன. கடைசியில் ஆதார் கார்டில் இருந்ததையே அனுப்பினாள்.

பெருமாநல்லூரில் வீட்டை ஒட்டிப் பன்னிரண்டு மெஷின் போட்டு, கைக்குழந்தைகளுக்கு ஜபலா தைக்கும் சின்னக் கம்பெனி அவர்களுடையது. மாதம் ஒன்றாம் தேதி நூற்றுச் சொச்சம் கடைகளுக்கு மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் போகும். யோசனை தமிழ்மதியுடையது. மயில்சாமி அதைக் கடுதாசி என்பார். மாதக் கடைசியில் கட்டிங் டேபிள்மேல் ஏறி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். மழை பெய்தது, கரண்ட் போனது, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் வரும். அப்புறம் தனியாக உட்கார்ந்து அத்தனையையும் தள்ளிவிட்டு, புது டிசைன், சைஸ் என்று இங்கிலீஷில் நாலு வரி அடித்து அனுப்பிவிடுவாள். கடைக்காரர்களுக்குக் கதை படிக்க நேரம் ஏது? அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நாலு வருஷமாக இப்படித்தான் நடந்தது. யாரும் ஒரு பதில் போட்டதில்லை.

இந்த முறை அவர் சொன்னது ரோஸ் கலரைப் பற்றி. போன லாட்டில் ஒன்றை வீட்டில் துவைத்தபோது பக்கெட் தண்ணீர் சிவந்துவிட்டது.

"நாமளே சொல்லிப்போடோணும் கண்ணு. பச்சக் கொழந்த வாயில வெச்சுச் சப்புமில்ல?"

எழுதிக்கொண்டாள். ஆனால் அனுப்பியதென்னவோ தீபாவளிக் கலர்களின் படங்களைத்தான். சொன்னால் மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும், கம்பெனி தாங்காது என்று பயந்தாள். அதற்கு அடுத்த நாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்கை விலக்கிக்கொண்டு கேட்டார்.

"கடுதாசி போயிருச்சா?"

"போயிருச்சுங்கப்பா."

"ரோஸு?"

"அதையும் போட்டுட்டனுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். விடியும்போது உயிர் போய்விட்டது.

பதினொரு மணிக்கு உடுமலையிலிருந்து பிரிசில்லா வந்தாள். அங்கே குழந்தைத் துணிக்கடை வைத்திருப்பவள். பெட்டிமேல் கையை வைத்துக் கொஞ்சநேரம் உதடு மட்டும் அசையப் பிரார்த்தித்தாள். அம்மா ஆயம்மாள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மாசாமாசம் உங்களுக்கெல்லாம் கடுதாசி எழுதுவாருங்களே அம்மிணி, படிப்பீங்களா?"

பிரிசில்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அந்த ரோஸ் கலரு சங்கதி மனசப் போட்டு அரிச்சுட்டே இருந்துச்சு அவுருக்கு. எழுதிப் போட்டாச்சுன்னு புள்ள சொன்னதுக்கப்பறந்தான் நேத்து கண்ண மூடித் தூங்குனாருங்க."

பிரிசில்லா நிமிர்ந்து தமிழ்மதியைப் பார்த்தாள். தமிழ்மதி தரையைப் பார்த்தாள்.

"வந்துச்சுங்கம்மா," என்றாள் பிரிசில்லா. "படிச்சேன்."

கிளம்பும்போது தமிழ்மதி கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"எங்கடையில நாலு பேரு அந்த ரோஸத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க கண்ணு. அப்பாகிட்டக் கேக்கோணும்னு இருந்தேன்."

"அக்கா, நாந்தான்..."

"அம்மாகிட்டப் போ. தனியா இருக்கறாங்க."

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு, தமிழ்மதி கம்பெனிக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். வழக்கம்போல இங்கிலீஷில் ஆரம்பித்தாள். வருத்தம் தெரிவிக்கிறோம் என்ற அந்த முதல் வரி வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. அழித்தாள். நோட்டை எடுத்துப் பக்கத்தில் விரித்து, இருந்தது இருந்தபடியே தமிழில் அடித்தாள்.

"கடைக்காரச் சொந்தங்களுக்கு வணக்கமுங்க. நாலு நாளா மழைங்க. துணி காயலீங்க. நம்ம டெய்லர் ஆஷாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க, ரெண்டு பேரும் சுகமுங்க. அப்பறம் ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. ரோஸ் கலருல சாயம் போகுதுங்க. இருக்கறதத் திருப்பி அனுப்புங்க. வித்தத முடிஞ்சா கேட்டு வாங்குங்க. கொழந்தைக்குப் போட வேண்டாமுங்க. தப்பு எங்களுதுங்க."

அதற்குக் கீழே தன் பங்குக்கு எழுதினாள். 'இது அப்பா போன மாதம் சொன்னது. அனுப்பாமல் விட்டது நான். வியாழக்கிழமை விடியற்காலை அவர் இறந்துவிட்டார். தமிழ்மதி.'

அனுப்பிவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்குள் ஒன்பது கடைகள் துணியைத் திருப்பி அனுப்புவதாக எழுதிவிட்டன. ஈரோட்டுக்காரர் ஒருவர், இனிமேல் உங்கள் சரக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் 'சரிங்க' என்று பதில் போட்டாள்.

மூன்று மணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஒன்று வந்தது. முன்பின் பேசியிராத ஒரு கடைக்காரம்மா. 'ரெண்டு டஜன் இருக்கு, அனுப்பிடுறேன். ஐயா இப்படியெல்லாம் எழுதுவாங்கன்னு தெரியாமப் போச்சேம்மா. ஆஷா பிள்ளைக்கு என்ன பேர் வச்சிருக்காங்க?'

தமிழ்மதி அதை இரண்டு முறை படித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை.

பிரசவத்துக்குத் தேனிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்த ஆஷாவின் நம்பரைத் தேடி எடுத்துப் போட்டாள். எடுத்ததும் குழந்தையின் அழுகைதான் முதலில் கேட்டது.

"சொல்லுங்கக்கா," என்றாள் ஆஷா. "இருங்க, இவளுக்குப் பசி வந்துட்டா ஊரக் கூட்டிருவா. செத்த லைன்லயே இருங்க."

"இருக்கறேன் ஆஷா. மெதுவாப் பாரு."

அழுகை விசும்பலாகி, விசும்பலும் நின்று, அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் போகும்வரை தமிழ்மதி போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள்.