மூன்றாவது ஜோடி பிக்கப்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பயத்தில் பிறந்தது. இதில் வரும் பெண் என் மனைவி. இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறாள். வீடு ஓடுவது அதில்தான். நான் எழுதுகிறவன். எழுத்து சோறு போடுவதில்லை.

முதலில் எழுதிய முதல் வரி: 'ஒருநாள் கிட்டார் மந்தமாகிவிட்டது, அப்போது...'

(அடித்துவிட்டேன். கிட்டார்மேல் பழி போடும் வரி அது.)

2
ஹம்பக்கர் பிக்கப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் இரட்டைச் சுருள். அதிர்வைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்பும். கூடவே வரும் மின்சார இரைச்சலை அமுக்கிவிடும். சில ஹம்பக்கர்கள் கனமாகப் பேசும், சில கூர்மையாக.

"சத்தமெல்லாம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குப்பா," என்று சொல்லிப் பழையதைக் கழற்றினாள். கூர்மையானதாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கினோம். கொஞ்ச நாளில் அதுவும் மந்தம் என்றாள். அதைவிடக் கூர்மையாக இன்னொன்று. அதுவும் மந்தம். இப்போது மேசைமேல் மூன்றாவது ஜோடி. கடையில் இதற்கு மேல் கூர்மையாக எதுவும் இல்லையாம்.

3
முதல் பிரதியில் ஒரு ரிப்பேர்க்காரர் இருந்தார். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பிக்கப்ல ஒரு குறையும் இல்லீங்க, ஒருவேளை உங்க..." என்று இழுப்பார். அவரைத் தூக்கிவிட்டேன். நான் சொல்ல வேண்டியதை அவர் தலையில் கட்டிவிட்டு நழுவப் பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். அடுப்பில் கெட்டில் விசில் அடித்தது. பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் அவள். விசில் கத்திக்கொண்டே இருந்தது. மகள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, உனக்குக் கேக்கலியா?"

"ஏதோ யோசனைடி."

சொன்னவள் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அப்படியென்றால் அவளுக்கும் தெரிந்தே...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

பேச்சு கேட்கிறது. உச்ச ஸ்தாயியில் இருக்கும் கூர்மையான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அவளைவிட்டுப் போகின்றன. அவளோ பிக்கப்பை மாற்றுகிறாள், ஆம்ப்பை இன்னும் கொஞ்சம் திருகுகிறாள். மிச்சமிருக்கும் காதையும் அந்தச் சத்தமே தின்றுவிடுமோ?

4
முடிவுகள்.

அ) மருத்துவர் பார்க்கிறார். காதில் வெறும் அழுக்கு. (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) நான் சொல்லிவிடுகிறேன். அவள் கிட்டாரைப் பெட்டியில் வைத்து, மூடியை... (கை வரவில்லை.)

இ) மூன்றாவது ஜோடியைக் கிட்டாரில் பற்றவைத்து முடித்துவிட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, ஆம்ப்பைப் பார்த்து உட்கார்ந்து தந்திகளில் ஓர் அடி அடிக்கிறாள். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கிறது. மகளும் நானும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

"ஆங்! இப்பதான்ப்பா உயிர் வந்திருக்கு!"

மகள் என்னைப் பார்க்கிறாள். அவள் கண்ணில் தண்ணீர். வலியா பயமா, எனக்குத் தெரியவில்லை.

"எப்படி இருக்கு? ரெண்டு பேரும் ஏன் பேசாம இருக்கீங்க?"

அவள் திரும்புகிறாள். எங்கள் கைகள் இன்னும் காதில்தான் இருக்கின்றன. அவற்றைக் கீழே இறக்க இன்னும் ஒரு நொடி இருக்கிறது. இங்கேயே எழுதுவதை நிறுத்துகிறேன். கையை எடுக்கட்டுமா, இப்படியே வைத்திருக்கட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.